லவோனின் எர்கூப்பும் டெல்மரின் எடையும்

லவோன் குபிசெக்குக்குச் சலுகை காட்டினால் கோபம் வரும். முகத்தைச் சுளித்துவிட்டுப் போகிற கோபம் இல்லை, எதிரில் இருப்பவன் தொப்பியைக் கழற்றி மன்னிப்புக் கேட்கிற வரைக்கும் விடாத கோபம். சின்ன வயதில் போலியோ வந்து இரண்டு காலும் சூம்பிப் போனது. அன்றிலிருந்து வில்லோ ஃபோர்க் ஊரே அவளிடம் "பரவாயில்லை, பரவாயில்லை" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் கணக்கைத் தப்பாகப் போட்டால் பரவாயில்லை. சர்ச்சுக்குப் பாதிப் பிரசங்கத்தில் வந்தால் பரவாயில்லை. கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போய், இனி எவன் வாயிலிருந்தும் அந்த வார்த்தையை வாங்கக் கூடாது என்று பாவாடை கட்டின வயதிலேயே முடிவெடுத்துவிட்டாள்.

கார் லைசென்ஸ் வாங்கப் போனபோது, கையால் பிரேக் போடுகிற மாதிரி மாற்றிய காரைப் பார்த்துவிட்டுப் பரீட்சை அதிகாரி இரக்கப்பட்டாராம். மேட்டில் நிறுத்திக் காட்டுகிற பரீட்சை வேண்டாம்மா, பாஸ் போட்டுவிடுகிறேன் என்றாராம். லவோன் அந்த மனுஷனை இறங்க விடாமல் மேட்டுக்கு ஓட்டிக்கொண்டு போய், இரண்டு தடவை நிறுத்திக் காட்டிவிட்டுத்தான் திரும்பினாள். இதை அந்த அதிகாரியே பல வருஷம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அப்படிப்பட்டவள் விமானம் ஓட்ட ஆசைப்பட்டது ஒன்றும் அதிசயம் இல்லை. அவளுக்கென்றே செய்த மாதிரி ஒரு விமானம் இருந்தது, அதுதான் அதிசயம். எர்கூப் என்று பெயர். மற்ற விமானங்களில் காலால் மிதிக்க இரண்டு கட்டைகள் இருக்கும். எர்கூப்பில் அது கிடையாது. கார் மாதிரி ஸ்டீயரிங்கைத் திருப்பினால் போதும், எல்லாம் அதிலேயே நடக்கும். இரண்டு பேர் அருகருகே உட்காரலாம். மேல்கண்ணாடியை இறக்கிவிட்டு முழங்கையை வெளியே போட்டுக்கொண்டே பறக்கலாம். மஞ்சள் பெயிண்ட் அடித்த பழைய எர்கூப் ஒன்றை லவோன் வாங்கினாள், ஓட்டக் கற்றுக்கொண்டாள், பரீட்சையில் தேறினாள். விமானப் பரீட்சை வைத்த அதிகாரி அவளிடம் பரவாயில்லை என்று சொல்லவில்லையாம். நல்ல மனுஷன், அவருக்கு யாரோ முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவள் உதவி வாங்கிக்கொள்வாள். எர்கூப்பில் ஏற இறக்கை மேல் காலை வைத்து ஏறி உள்ளே இறங்க வேண்டும். அதற்கு அவள் புருஷன் டெல்மர் அவளை இடுப்பில் பிடித்துத் தூக்கிவிடுவான். டெல்மர் மட்டும்தான். ஒரு தடவை நான் கையை நீட்டிவிட்டு, "ரோலி, உன் கையை உன் பாக்கெட்ல வெச்சுக்கோ"ன்னு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

டெல்மரைப் பற்றிச் சொல்லாமல் லவோனைப் பற்றிச் சொல்ல முடியாது. ஊர்த் தானியக் கிடங்கில் வேலை. கல்யாணத்தன்று காற்றில் பறக்கிற மாதிரி இருந்தவன். லவோன் சுடுகிற கொலாச்சி இருக்கிறதே, நடுவில் பிளம் ஜாம் வைத்த பன், அதற்கு எங்கள் வட்டாரமே அடிமை. டெல்மர் அந்த வீட்டிலேயே குடியிருந்தான். அப்புறம் என்ன, ஆள் பெருத்தான். பெருத்துக்கொண்டே போனான். சனிக்கிழமை சனிக்கிழமை எங்காவது ஒரு விமான மைதானத்தில் பான்கேக் விருந்து நடக்கும், விமானத்தில் போய் இறங்கிச் சாப்பிட்டுவிட்டு வருவதுதான் எங்கள் கூட்டத்தின் பிழைப்பு. மஞ்சள் எர்கூப்பில் இடது பக்கம் குருவி மாதிரி லவோன், வலது பக்கம் கதவளவு டெல்மர். எந்த மைதானத்தில் இறங்கினாலும் ஜனங்கள் கை காட்டுவார்கள்.

நான் ரோலி, வில்லோ ஃபோர்க் விமான மைதானத்தின் மெக்கானிக். எனக்கு முன்னால் எம்மெட் கிழவர் இருந்தார், அவர் போன பிறகு கொட்டகையும் சாமான்களும் எனக்கு வந்தன. வருஷத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு விமானத்தையும் பிரித்துப் பார்த்து, பறக்கலாம் என்று கையெழுத்துப் போடுவது என் வேலை. காபி போடுவதும் என் வேலைதான், கேட்காமலே வந்து குடித்துவிட்டுப் போகிறார்கள்.

லவோனுக்கு நெஞ்சில் அடைப்பு வந்து உள்ளே ஸ்டென்ட் என்கிற கம்பிச்சுருள் வைத்த வருஷம்தான் புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. சின்ன விமானம், இரண்டு இருக்கை, மொத்த எடை குறிப்பிட்ட அளவுக்குள். அப்படிப்பட்ட விமானத்தை ஓட்ட, விமானிகளைப் பரிசோதிக்கிற 'விமானி டாக்டரின்' சான்றிதழ் தேவையில்லை, கார் லைசென்ஸே போதும். புதிதாகச் செய்கிற விமானம்தான் என்றில்லை, அந்த அளவுக்குள் வருகிற பழைய விமானமும் சேரும். எங்கள் கூட்டத்தில் பாதிப் பேருக்கு ரத்தக் கொதிப்பு, மீதிப் பேருக்குச் சர்க்கரை. சட்டம் வந்த அன்று என் கொட்டகையில் ஒரே கொண்டாட்டம்.

எங்கள் மைதானத்தில் ஒரு பழக்கம் உண்டு. உடம்பில் சந்தேகம் என்றால் விமானி டாக்டர் இருக்கிற தெருப்பக்கமே போகமாட்டோம். போய், அவர் முடியாது என்று எழுதிவிட்டால், கார் லைசென்ஸை வைத்துப் பறக்கிற வழியும் அடைத்துவிடும். போகாமலே இருந்தால் பழைய சான்றிதழ் தானாகக் காலாவதியாகும், இந்த வழி திறந்தே இருக்கும். லவோனும் அதைத்தான் செய்தாள். அவளுடைய இதய டாக்டர் நன்றாகப் பரிசோதித்துவிட்டு, கார் ஓட்டு, விமானம் ஓட்டு, வெண்ணெயை மட்டும் குறை என்று சொல்லிவிட்டார்.

டெல்மர் தலைகால் புரியாமல் குதித்தான். கொட்டகைக்குள் வந்து என் முதுகில் ஓங்கித் தட்டினான்.

"ரோலி, எர்கூப் புதுச் சட்டத்து லிஸ்ட்ல இருக்குடா! எல்லாரும் சொல்றாங்க. என் பொண்டாட்டி டாக்டர் பேப்பரே இல்லாம பறக்கப் போறா!"

"ம்."

"என்னடா ம்? கையெழுத்தைப் போடு."

நான் லவோனைப் பார்த்தேன். அவள் முக்காலியில் உட்கார்ந்து விமானத்தின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்கிற தப்பு இதுதான். எர்கூப் என்றால் எர்கூப், பெயரைப் பார், லிஸ்ட்டைப் பார், முடிந்தது என்று நினைக்கிறார்கள். சட்டம் பெயரைக் கேட்கவில்லை. அந்த ஒரு விமானம், அதுவே, தொழிற்சாலையை விட்டு வந்த நாளிலிருந்து இன்றுவரை, ஒரு நாள்கூட அந்த எடை அளவைத் தாண்ட அனுமதி வாங்கியிருக்கக் கூடாது. ஒரு தடவை வாங்கிவிட்டால், பிறகு நூறு தடவை குறைத்தாலும் திரும்பி வர முடியாது. லவோனின் மஞ்சள் எர்கூப், எழுபதுகளின் தொடக்கத்தில் கூடுதல் எடை தூக்க அனுமதி வாங்கியிருந்தது. எம்மெட் கிழவர் அதற்குத் தேவையானபடி வாலில் இருக்கிற மடிப்புப் பலகை மேலே எழும்புகிற அளவைக் குறைத்து, முறைப்படி மாற்றி, முறைப்படி பதிந்து வைத்திருந்தார். அது எனக்குத் தெரியும், லவோனுக்குத் தெரியும். டெல்மருக்குத் தெரியாது. அவனிடம் ஏதோ வாலைப் பழுது பார்த்ததாகத்தான் சொல்லியிருந்தாள்.

"டெல்மர், இந்த விமானம் சேராது" என்றேன்.

"என்ன உளர்ற?"

விஷயத்தைச் சொன்னேன். எடை ஏற்றியது மட்டும்தான், ஏன் என்று சொல்லவில்லை. அவன் முகம் சிவந்தது.

"அப்போ இறக்கிடு."

"இறக்கினாலும் சேராது. ஒரு தடவை ஏத்தினா ஏத்தினதுதான்."

"சரி, அந்தப் பேப்பர் எலி கடிச்சுப் போச்சுன்னு வெச்சுக்கோ. உன் கொட்டகையில எலிக்கா பஞ்சம்?"

எனக்கு வந்ததே கோபம்! "டேய், என் கையெழுத்தை நம்பித்தான் இந்த மைதானத்துல அத்தனை பேரும் மேல போறான். எலியாம் எலி! வெளிய போடா!"

அவனும் கத்தினான். "வேற விமானத்தை அவளால ஓட்ட முடியாதுன்னு உனக்குத் தெரியாதா? இது இல்லன்னா அவ தரையிலதான்! எந்த மடையன் இதோட எடையை ஏத்தினான்? அந்த மடையன் மட்டும் என் கையில கிடைக்கட்டும்..."

"கிடைச்சாச்சு. இங்கதான் உக்காந்திருக்கா" என்றாள் லவோன்.

துடைத்த துணியை மடித்து மடியில் வைத்தாள்.

"நீ எதுக்கு..."

"கணக்குப் போட்டுப் பார்த்தேன் டெல்மர். டேங்க் நிறையப் பெட்ரோல், நான், நீ. நீ அப்பவே நல்லா வளர்ந்துட்டே. அளவு தாண்டிடுச்சு. எம்மெட் சொன்னார், 'எல்லாரும்தான் கொஞ்சம் கூடுதலா பறக்கறான், யாரு தராசு வெச்சுப் பார்க்கப் போறா, பரவாயில்ல'ன்னார்."

"அப்போ விட்டிருக்கலாம்ல!"

"திருட்டுத்தனமா பறக்க எனக்குப் பிடிக்கல. உன்னைத் தரையில விட்டுட்டுப் போகவும் மனசு வரல. உன்கிட்ட, நீ குண்டாயிட்டேன்னு சொல்லவும் வாய் வரல. அதான், விமானத்தை மாத்தினேன்."

என் மேஜையில் கொலாச்சித் தட்டு இருந்தது, டெல்மர் அதைப் பார்த்தான். பிறகு தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டான். அத்தனை வருஷத்தில் அவன் ஒரு கொலாச்சியைக்கூடத் தொடாமல் போனதை அன்றுதான் பார்த்தேன்.

அடுத்த சில வாரம் லவோன் மைதானத்துக்கு வந்து உட்காருவாள், மற்றவர்கள் ஏறுவதைப் பார்ப்பாள், கார் ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவாள். "விமானி டாக்டர்கிட்டயே போய்ப் பார்க்கலாமே" என்று ஒருவன் சொன்னான். அதற்கு அவள், "அவர் முடியாதுன்னுட்டா? அப்புறம் ஜன்மத்துக்கும் உன் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு இங்கயே உக்காரணுமா?" என்றாள். வாய் மட்டும் குறையவில்லை. ஆனால் கண்ணாடி துடைப்பதை நிறுத்திவிட்டாள், மஞ்சள் விமானத்தின் மேல் தூசி படிந்தது. எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை, அவள் இல்லாத நேரத்தில் நானே துடைத்து வைத்தேன்.

டெல்மர் மைதானத்துப் பக்கமே வரவில்லை. கோபித்துக்கொண்டிருக்கிறான் என்றுதான் நினைத்தேன். அவன் என்னடா என்றால் தானியக் கிடங்கின் தொலைபேசியில் உட்கார்ந்து, மாநிலத்தில் எர்கூப் வைத்திருக்கிறவன் ஒருத்தன் விடாமல் எல்லோரையும் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறான். ஒரு நாள் காலையில் வெள்ளி நிற எர்கூப் ஒன்று எங்கள் புல்தரையில் வந்து இறங்கியது. கேலன் ஆஸ்டர்கார்ட் என்பவன் அதிலிருந்து இறங்கினான். இறங்கினான் என்ன, புட்டியிலிருந்து தக்கையைப் பிடுங்குகிற மாதிரி தன்னைத்தானே பிடுங்கிக்கொண்டு வந்தான்.

"எடை ஏத்தின எர்கூப் இங்க இருக்காமே?" என்றான் என்னிடம். "என் விமானம் தொழிற்சாலையில இருந்து வந்தபடியே இருக்கு, யாரும் கையே வைக்கல. என்னையும் என் பொண்டாட்டியையும் சேர்த்துத் தூக்க மாட்டேங்குது. நாயைப் பத்திப் பேசவே வேணாம். எனக்கு டாக்டர் சான்றிதழ் இருக்கு, எந்த விமானமும் ஓட்டலாம். டெல்மர்னு ஒருத்தர், மாத்திக்கலாமான்னு கேட்டார்."

பின்னாலேயே டெல்மரின் பிக்கப் வண்டி வந்து நின்றது, லவோனும் கூட. அவளிடம் எதுவும் சொல்லாமல்தான் கூட்டிவந்திருக்கிறான். வெள்ளி விமானத்தைப் பார்த்தாள், கேலனைப் பார்த்தாள். புரிந்துவிட்டது.

"இதுல நீ உக்கார முடியாது டெல்மர்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"லவோன், இத்தனை வருஷமா பறந்தது நீ. நான் சும்மா பக்கத்துல உக்காந்து வேடிக்கை பார்த்தேன். வேடிக்கையைத் தரையில இருந்தும் பார்க்கலாம்."

"நீ இல்லாம நான் எதுக்குடா தனியாப் போய்ப் பான்கேக் தின்னணும்?"

"தனியா யாரு சொன்னா? நான் பிக்கப்ல வரேன். நான் வராம உன்னை யாரு இறக்குவா, ரோலியா?"

லவோன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், துடைத்ததை நான் பார்த்துவிட்டேன் என்று என்னை முறைத்தாள். பிறகு கேலனைப் பக்கத்தில் கூப்பிட்டு, மஞ்சள் விமானத்தின் கண்ணாடி இடது பக்கம் இறுகும், அடிக்கக் கூடாது, கீழே இரண்டு தட்டுத் தட்டினால் தானாக வரும் என்று சொல்லிக்கொடுத்தாள். அவன் அதில் ஏறிக் கிளம்பிப் போனான். மரங்களுக்குப் பின்னால் மஞ்சள் மறைகிற வரைக்கும் அவள் அங்கேயே நின்றாள், டெல்மர் தோளைப் பிடித்துக்கொண்டு.

எடை தாங்காத வெள்ளி விமானத்துக்கு டெல்மர் சோனி என்று பெயர் வைத்தான். நான் அதன் பிறந்த கதையிலிருந்து இன்றுவரை அத்தனை பேப்பரையும் மூன்று தடவை படித்தேன், லவோன் நான்காவது தடவை படித்தாள். சுத்தம். கையெழுத்துப் போட்டேன்.

பக்கத்து ஊர் மில்ஃபீல்டில் தீயணைப்புப் படையின் பான்கேக் விருந்துதான் அவளுடைய முதல் பயணம். இங்கே டெல்மர் அவளைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு, பிக்கப்பில் ஏறிப் பறந்தான். அவள் மேலே, அவன் கீழே. நானும் என் விமானத்தில் போனேன். மில்ஃபீல்டில் லவோன் விமானத்தைத் தரையிறக்கி, வரிசையில் நிறுத்தி, கண்ணாடியை இறக்கிவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தாள். தீயணைப்பு வீரர்கள் இரண்டு மூன்று பேர் ஓடிவந்தார்கள்.

"வாங்கம்மா, தூக்கி விடறோம்."

"வேணாம். என் ஆள் வர்றார்."

பான்கேக் வாசனை மூக்கைத் துளைக்கிறது, எல்லோரும் சாப்பிடுகிறார்கள், இவள் அங்கேயே. கடைசியில் புழுதியைக் கிளப்பிக்கொண்டு பிக்கப் வந்தது.

"என்ன இவ்ளோ நேரம்?" என்றாள்.

"கேட்ல நிலக்கரி ரயில். நூறு பெட்டிக்கு மேல இருக்கும், எண்ணிப் பாரு!" என்று மூச்சு வாங்கிக்கொண்டே வந்து தூக்கி இறக்கினான்.

இப்படியே கோடைக்காலம் போனது. ஒவ்வொரு சனிக்கிழமையும் அவள் ஆகாயத்தில், அவன் புழுதியில். ஆனால் ஒன்று கவனித்தேன். டெல்மர் விருந்தில் வெறும் காபி குடித்துக்கொண்டு நின்றான். கேட்டால் வயிறு சரியில்லை என்றான். வீட்டிலும் கொலாச்சி அப்படியே மிஞ்சுகிறதாம். லவோன் என்னிடம் வந்து எகிறினாள்.

"முப்பது வருஷத்துக்கு மேல சாப்பிட்டான், இப்ப என்ன என் கை புளிச்சுப் போச்சா? என் மேல இன்னும் கோபம் இருக்கு அவனுக்கு. விமானத்தைக் கெடுத்தேன்னு."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. தானியக் கிடங்குக்கு ஒரு வேலையாகப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. பின்பக்கத்தில் விதை மூட்டை நிறுக்கிற தராசு இருக்கிறது. அதன் மேல் டெல்மர், வயிற்றை எக்கிக்கொண்டு நிற்கிறான்.

"டேய், வயித்தை எக்கினா தராசு ஏமாறுமா?" என்றேன்.

துள்ளிக் குதித்தான். "ரோலி, அவகிட்ட சொல்லிடாதே. முடியலன்னா அசிங்கமாப் போயிடும்."

"என்ன முடியலன்னா?"

"பாதி டேங்க் பெட்ரோல் போட்டா சோனியில எனக்கு எவ்ளோ இடம் இருக்குன்னு பார்த்தேன். இன்னும் கொஞ்சம்தான்." பெல்ட்டைக் காட்டினான். ஆணியால் புதிதாக மூன்று ஓட்டை போட்டிருந்தான்.

சோளம் அறுத்து முடிந்த ஒரு சனிக்கிழமை, மறுபடி மில்ஃபீல்ட். புல்லெல்லாம் பனி. டெல்மர் அவளைத் தூக்கி உள்ளே வைத்தான். பிக்கப் பக்கம் போகாமல் விமானத்தைச் சுற்றிக்கொண்டு வந்து வலது இறக்கைக்குப் பக்கத்தில் நின்றான்.

"லவோன், பாதி டேங்க்தான் ஊத்தச் சொன்னேன். இப்ப கணக்குப் போடு" என்றான். தராசில் நின்று வந்த தன் எடையைச் சொன்னான், துணி, பூட்ஸ் எல்லாம் சேர்த்து.

லவோன் அவனை மேலிருந்து கீழே பார்த்தாள். தொங்குகிற சட்டையை, பெல்ட்டை. தினம் கூடவே இருந்தவள், அன்றுதான் பார்க்கிற மாதிரி பார்த்தாள். "அடப்பாவி" என்றாள், "வயிறு சரியில்லன்னியே..." பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டாள். மறுபடி போட்டாள். முகம் வாடியது.

"நாலு பவுண்டு கூடுது."

நாலு பவுண்டு! ஒரு கோழிகூடத் தேறாது. எனக்குப் பொறுக்கவில்லை. "நாலு பவுண்டுதானே லவோன், பரவாயில்ல, ஏறச் சொல்லு" என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! நானே என் தொப்பியைக் கழற்றிவிட்டேன்.

டெல்மர் சிரித்தான். அங்கேயே ஈரப் புல்லில் உட்கார்ந்து, இரும்பு முனை வைத்த அந்தப் பெரிய வேலை பூட்ஸ் இரண்டையும் கழற்றி ஓரமாக வைத்தான். சாக்ஸோடு இறக்கையில் ஏறி, வலது இருக்கையில் உட்கார்ந்தான்.

"இப்ப?"

லவோன் அந்தப் பூட்ஸை என்னிடம் தூக்கிப் பார்க்கச் சொன்னாள். தூக்கினேன். நாலுக்குக் குறையாது என்று சத்தியம் பண்ணினேன். நம்பவில்லை, கொட்டகைத் தராசில் நிறுத்துவிட்டு வா என்றாள். நிறுத்தேன். ஐந்து பவுண்டு சொச்சம். அப்புறம்தான் எஞ்சினைக் கிளப்பினாள்.

நான் பின்னாலேயே பறந்தேன். இரண்டு முழங்கை வெளியே தெரிந்தது, இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. மில்ஃபீல்டில் டெல்மர் முதலில் இறங்கி, பனியில் நனைந்த புல்லில் சாக்ஸோடு நின்று அவளைத் தூக்கி இறக்கினான். தீயணைப்புக்காரன் ஒருவன் "டெல்மர், பூட்ஸ் எங்கப்பா?" என்றான்.

"கொட்டகையில விட்டுட்டு வந்தோம். எடை" என்றாள் லவோன்.

வரிசையில் நின்று டெல்மர் வழக்கம்போலக் காபியை மட்டும் எடுத்துக்கொண்டான். திரும்பிப் போக வேண்டுமே, எடை கூடிவிட்டால்? லவோன் மேஜையில் உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த பொட்டலத்தைப் பிரித்தாள். பிளம் ஜாம் வைத்த கொலாச்சி. இரண்டை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். கொஞ்சம் யோசித்து மூன்றாவதையும் வைத்தாள்.

"வேணாம் லவோன், கணக்கு தப்பிடும்" என்றான்.

"வர்ற வழியில அவ்ளோ பெட்ரோல் எரிஞ்சிருக்கு. நான் கணக்குப் போட்டாச்சு. சாப்பிடு" என்றாள்.